விளையாட்டு வழியாகக் குடிமையியல்: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கான முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கிற டீச்சர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிற அக்கா அண்ணன்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் எடுப்பது தாராவிப் பக்கம், அதனால் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். ஆனால் சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் பிள்ளைகள் படிக்கிற எந்த இடத்திலும் இதைச் செய்யலாம், பெரிய செலவும் இல்லை.

தொடக்க வகுப்புகளில் குடிமையியல் தனிப் பாடமாக வருவதில்லை. சூழ்நிலையியலுக்குள் விதிகள், பொது வசதிகள், நம் பகுதியின் பிரச்சினைகள் என்று கலந்து வரும். பரீட்சையில் "மாநகராட்சியின் பணிகள் ஐந்து எழுதுக" என்று கேட்பார்கள், பிள்ளைகளும் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் அதே பிள்ளைக்குத் தன் சந்தில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த வீட்டுக்காரர் மோட்டார் போட்டு இழுக்கிறார், பொதுக் கழிப்பறையில் எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது அத்தனையும் தெரியும். தெரிந்த இதையும் பாடத்தில் இருக்கிற அதையும் முடிச்சுப் போடத்தான் விளையாட்டு வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: விதியைப் பிள்ளைகள் கேள்வி கேட்கவும், பேசி மாற்றவும் அந்த ஆட்டத்தில் இடம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் என்னதான் கலர் அட்டை வைத்து ஆடினாலும் மனப்பாடத்துக்கு வேறு சட்டை போட்ட மாதிரிதான்.

முதல் படி: இது யாருடைய வேலை?

எந்த வகுப்பாக இருந்தாலும் இதிலிருந்து தொடங்குங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வையுங்கள், அந்த அட்டை கிழியாது, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஓர் அட்டைக்கு ஒரு பொருள் அல்லது இடம் என்று பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்: தெருக் குழாய், சாக்கடை, பெஸ்ட் பஸ், சயான் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை, லோக்கல் ரயில், தபால் ஆபீஸ், ஆதார் அட்டை, சிக்னல் விளக்கு, மெட்ரோ. அப்புறம் நான்கு அட்டைப் பெட்டிகள்: மாநகராட்சி, மாநில அரசு, மத்திய அரசு, நாம். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அட்டையை எடுத்து, எந்தப் பெட்டி என்று முடிவு செய்து, ஏன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

விடை உங்களுக்கு முதலில் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், பெரியவர்களே இதில் குழம்புவார்கள். போலீஸ் மாநில அரசுக்குக் கீழே வருகிறது, மாநகராட்சி இல்லை. சயான் ஆஸ்பத்திரி மாநகராட்சி நடத்துவது. பெஸ்ட் மாநகராட்சியின் நிறுவனம். லோக்கல் ரயில், தபால், ஆதார் மூன்றும் மத்திய அரசு. குழாய்த் தண்ணீர் மாநகராட்சி. அது துளசி, விகார், தான்சா, மோடக் சாகர், மேல் வைத்தர்ணா, நடு வைத்தர்ணா, பாத்சா என்று ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால் போதும்.

வேண்டுமென்றே இரண்டு பெட்டியில் நிற்கிற அட்டைகளையும் வையுங்கள். சிக்னல் கம்பத்தைப் பார்த்துக்கொள்வது மாநகராட்சி, அங்கே நிற்கிற டிராஃபிக் போலீஸ் மாநில அரசின் ஆள். ரேஷன் கடையை நடத்துவது மாநிலம், அரிசியும் கோதுமையும் பெரும்பாலும் மத்திய அரசு கொடுப்பது. தாராவிக்கும் 2025இல் வந்துவிட்ட மெட்ரோவில் இரண்டு அரசுகளும் பங்குதாரர்கள். ஒரு பையன் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியில் போடுவது என்று தவிப்பான், பாதி வகுப்பு ஒரு பக்கம் கத்தும், மீதி மறுபக்கம் கத்தும். அந்தச் சத்தத்தை உடனே அடக்காதீர்கள். அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை, பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது அந்த நேரத்தில்தான் அவர்களுக்கு உறைக்கிறது.

சாக்கடை அட்டையும் சண்டை கிளப்பும். சுத்தம் செய்வது மாநகராட்சி என்று ஒருத்தி சொல்வாள், பிளாஸ்டிக் பையைப் போட்டது யார் என்று இன்னொருத்தி கேட்பாள். "நாம்" என்ற பெட்டி அதற்குத்தான். அதே சமயம் எல்லாப் பழியையும் மக்கள் மேல் போட்டு முடித்துவிடாதீர்கள். நாள்தோறும் குப்பை வண்டி வராத சந்தில் இருக்கிற பிள்ளையிடம் "குப்பை போடாதே" என்று மட்டும் சொல்வது நியாயமே இல்லை.

இரண்டாம் படி: மூன்று நிமிட அநியாயம்

விதி எதற்கு என்று புரிய வைக்க, விதி கெட்டுப்போன ஆட்டத்தை ஆட வைப்பதுதான் குறுக்கு வழி. பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டமாக எடுங்கள், நொண்டியோ கபடியோ எதுவானாலும் சரி. ஆட்டம் சூடு பிடித்ததும் நடுவில் நிறுத்தி, "இனிமேல் ஜனவரியிலிருந்து ஜூன் வரை பிறந்தவர்களுக்கு இரண்டு வாய்ப்பு, மற்றவர்களுக்கு ஒன்று" என்று அறிவியுங்கள். காரணம் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்துக்குள் "டீச்சர், இது போங்கு" என்று குரல் வரும்.

மூன்று நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் அழுகைதான் மிஞ்சும். பிரிக்கிற கோடு பிறந்த மாதமாகவோ சீட்டுக் குலுக்கியோ இருக்கட்டும். பையன் பெண், நிறம், வீட்டில் பேசுகிற மொழி, ஊர், சாதி, மதம் இவற்றில் எதையும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள், ஏனென்றால் அந்த வலி சில பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வெளியில் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

நிறுத்தியதும் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, அதே ஆட்டத்துக்கு விதிகளை அவர்களே சொல்ல, நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். ஐந்து விதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். பிறகு அந்த விதிப்படி ஆடட்டும், அடுத்த வாரம் அதில் ஒன்றை மாற்றலாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பாக இருந்தால் இங்கே அரசியலமைப்பைக் கொண்டுவரலாம்: 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது, 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது, அதையும் திருத்த வழி வைத்திருக்கிறார்கள். வாக்களிக்கும் வயது முதலில் 21ஆக இருந்து, 61ஆவது திருத்தத்தால் 18ஆனதைச் சொன்னால், "அப்போ நாமளும் கேட்டால் குறைப்பார்களா?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, பேச விடுங்கள்.

மூன்றாம் படி: குடவோலையும் ஓட்டும்

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், இதற்கு மட்டும் இரண்டு மூன்று பீரியட் ஒதுக்குங்கள்.

காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை அதில் விவரமாக எழுதப்பட்டிருக்கிறது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு மாதிரியான பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரியைப் பார்க்க ஏரி வாரியம், தோட்டங்களைப் பார்க்கத் தோட்ட வாரியம். வாரியத்தில் இருந்துவிட்டு ஒழுங்காகக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி போட முடியாது, அவருடைய உறவினர்களும் வர முடியாது. நம் பிள்ளைகளுக்கு இது நம் ஊர்க் கதை, கேட்கிறபோதே நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் பெருமையோடு கதையை நிறுத்திவிடக் கூடாது, ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு சின்னக் குடமோ தூக்குவாளியோ எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுங்கள், அதுதான் நிலம். வகுப்பின் தண்ணீர்ப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம், கொட்டை வைத்திருப்பவர்கள் பெயர் மட்டும் குடத்துக்குள் போகும் என்று சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு குட்டியை அழைத்து வந்து ஒரு சீட்டை எடுக்கச் சொல்லுங்கள். பெயரைப் படித்ததும் கைதட்டல் பாதி வகுப்பிலிருந்துதான் வரும். கொட்டை கிடைக்காதவர்களிடம், "நீங்களும் இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள், உங்கள் பெயர் ஏன் குடத்தில் இல்லை?" என்று கேளுங்கள். அப்புறம் உண்மையைச் சொல்லுங்கள்: அந்தச் சபை பிராமணர்களின் சபை, வரி கட்டுகிற நிலமும் சொந்த வீடும் இருக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அந்த ஊரில் உழுதவர்களோ பெண்களோ குடத்துக்குள் இல்லை. கணக்குக் கேட்கிற நல்ல விதியும், பலரை வெளியே நிறுத்துகிற விதியும் ஒரே சுவரில் இருக்கின்றன என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை நன்றாகவே புரிந்துகொள்கிறது.

இரண்டாம் சுற்றில் எல்லோர் பெயரும் குடத்துக்குள். இப்போது நியாயம்தான், ஆனால் யார் வருவார் என்பது அதிர்ஷ்டம். "பொறுப்பாக இருப்பாளா என்று நாம் யோசிக்கவே இல்லையே" என்று பிள்ளைகளில் ஒருவராவது சொல்லும் வரை காத்திருங்கள். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம்.

மூன்றாம் சுற்று தேர்தல். நாலு பேர் நிற்கட்டும், ஆளுக்கு ஒரு நிமிடப் பேச்சு, ஒரே ஒரு வாக்குறுதி. சின்னம் கொடுக்கும்போது கவனம்: மும்பையில் கடிகாரம், தீப்பந்தம், ரயில் இன்ஜின், வில் அம்பு, தாமரை, கை எல்லாமே கட்சிச் சின்னங்கள். வகுப்புப் பொருள்களிலேயே எடுத்துக்கொண்டால் வீட்டிலிருந்து சண்டை வராது: ரப்பர், ஸ்கேல், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில்.

மூன்றாம் வகுப்புக்கு 1951–52இல் நடந்த முதல் பொதுத் தேர்தல் முறையே எளிது. படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்களுக்காக அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைத்தார்கள்; சீட்டை விருப்பமான பெட்டியில் போட வேண்டியதுதான். நாலு ஷூ பெட்டி போதும். ஐந்தாம் வகுப்புக்கு எல்லாச் சின்னமும் அச்சடித்த ஒரே சீட்டு, அதில் ஒரு குறி. பெட்டிகளைப் பெரிய அட்டை மறைப்புக்குப் பின்னால் வையுங்கள், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக வேண்டும். தேர்தல் அதிகாரியாக இரண்டு பிள்ளைகள் பெயர்ப் பட்டியலில் டிக் போட்டு, இடது கை ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடட்டும். அசல் மையை மைசூரில் கர்நாடக அரசின் தொழிற்சாலை ஒன்று தயாரிக்கிறது, 1962 முதல் அதைத்தான் பொதுத் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அப்போது சொன்னால் மறக்காது. யாருக்குப் போட்டாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொல்லுங்கள்; நண்பனுக்குப் போடாத பிள்ளைக்கு அந்த ரகசியம்தான் பாதுகாப்பு.

எண்ணிக்கை எல்லோர் முன்னாலும் நடக்கட்டும். தோற்றவருக்கும் பேச ஒரு நிமிடம் கொடுங்கள். ஜெயித்தவரின் வாக்குறுதியைச் சுவரில் ஒட்டி, உத்திரமேரூர் மாதிரியே மாதக் கடைசியில் கணக்குக் கேளுங்கள். நின்ற நாலு பேரும் பையன்களாகவே இருந்தால், மும்பை மாநகராட்சியின் 227 இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைச் சொல்லி, நம் வகுப்புக்கும் அப்படி ஒரு விதி வேண்டுமா என்று கேளுங்கள். நகர்சேவக்குகளை, அதாவது கவுன்சிலர்களை, மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மேயரை நகர்சேவக்குகள் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகத்தை நடத்துகிற கமிஷனரோ மாநில அரசு அனுப்புகிற ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும், அதற்குக் கீழே வேண்டாம்.

நான்காம் படி: பல்லாங்குழி பட்ஜெட்

யார் வீட்டிலாவது பல்லாங்குழி இருக்கும், இல்லாவிட்டால் முட்டை அட்டை. ஒரு வரிசையின் ஏழு குழிகளை மட்டும் எடுத்து, ஏழு பெயர் வையுங்கள்: தண்ணீர், கழிப்பறை, குப்பை, பள்ளி, ஆஸ்பத்திரி, ரோடு, விளையாட்டு இடம். ஒவ்வொரு குழிக்கும் ஆறு புளியங்கொட்டை வேண்டும், அதாவது மொத்தம் 42. குழுவுக்கு நீங்கள் கொடுப்பது 30தான். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கு ஒரு வேடச் சீட்டு: விடியற்காலை நாலு மணிக்கே மாவுக்கும் பாத்திரத்துக்கும் தண்ணீர் தேடுகிற இட்லி வியாபாரி அண்ணாச்சி, கும்பார்வாடாவில் பானை செய்கிறவர், மூட்டு வலியோடு பொதுக் கழிப்பறைக்கு நடக்கிற பாட்டி, பன்னிரண்டு வயது அக்கா, சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருகிற பையன்.

பத்து நிமிடத்தில் பங்கிட வேண்டும், ஐந்து பேரில் மூன்று பேராவது ஒத்துக்கொள்ள வேண்டும். முதலில் எல்லோரும் தன் குழியை நிரப்பப் பார்ப்பார்கள், அப்புறம் பேரம் நடக்கும். இட்லி அண்ணாச்சியாக நடிக்கிற பிள்ளையின் அப்பாவே நிஜமாக இட்லி விற்பவராக இருப்பார், அவன் தண்ணீருக்காக வாதாடுவதைக் கேட்க வேண்டும். பங்கிட்டு முடித்ததும் மழைச் சீட்டை எடுங்கள்: ஜூலையில் பெருமழை, ஏதாவது குழியிலிருந்து ஐந்து கொட்டை எடுத்துக் கொடுங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததைச் சொல்லுங்கள், வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னால் மறுநாள் வகுப்பே கதையால் நிறையும். எந்தக் குழியிலிருந்து எடுத்தார்கள், ஏன் என்று ஒவ்வொரு குழுவும் சொல்லட்டும், கடைசியில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் இரண்டு குழுக்களின் கணக்கு ஒன்றாக இருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் வரும். மும்பை மாநகராட்சியின் 2025–26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய் என்று சொன்னால் வாயைப் பிளப்பார்கள். சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், அரசு கொடுக்கும் தொகை என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் வீடு என்ன ஆகும் என்ற பிரச்சினையும் இந்த இடத்தில்தான் எழும். "எங்க வீட்டை இடிச்சுடுவாங்களாமே, சர்வே எடுத்தாங்களே" என்று ஒரு பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். எந்தக் கட்சியையும் இழுக்காமல், யார் முடிவு எடுக்கிறார்கள், குடியிருப்பவர்கள் எங்கே கேள்வி கேட்கலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள். பயந்திருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையோடு உட்காருங்கள்.

மற்ற சில ஆட்டங்கள்

ராஜா மந்திரி சீட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் மந்திரி முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்கிறார், அது நியாயமா என்று கேளுங்கள். ஒரு நீதிபதிச் சீட்டைச் சேர்த்து, குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு நிமிடம் பேசலாம், ஒரு சாட்சி வேண்டும் என்று விதியை மாற்றினால் ஐந்தாம் வகுப்புக்குச் சரியான ஆட்டம்.

குடிமையியல் பரமபதம் கடைகளில் கிடைக்கிறது, நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குப்பையைத் தொட்டியில் போட்டால் ஏணி, ரோட்டில் போட்டால் பாம்பு என்று இருக்கும், ஆனால் எங்கே போவது என்பதைத் தாயம் முடிவு செய்கிறது, பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதே இல்லை. கையில் இருந்தால் ஒரு திருத்தம் செய்யுங்கள்: பாம்பில் விழுந்தவர், அந்தப் பிரச்சினையை யாரிடம் சொல்ல வேண்டும் என்று சரியாகச் சொன்னால் கீழே இறங்க வேண்டாம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அமெரிக்காவின் ஐசிவிக்ஸ் பெயர் பெற்றது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர் 2009இல் தொடங்கியது. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் அது அந்த நாட்டு அரசமைப்பு, பெரும்பாலும் பெரிய வகுப்புகளுக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் தெருக் குழாய் முதலில் வரட்டும்.

ஆட்டம் முடிந்ததும்

நாற்பது நிமிடப் பீரியட் என்றால் இருபத்தைந்து நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்துங்கள். மீதி நேரம் பேச்சுக்கு, அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. மூன்று கேள்வி போதும்: யார் முடிவு செய்தார்கள்? யார் விட்டுப்போனார்கள்? அடுத்த தடவை எந்த விதியை மாற்றலாம்? எப்போதும் கை தூக்குகிற நாலு பேரை விட்டுவிட்டு, முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள், பேசாத பிள்ளையும் அப்போது பேசும். தமிழோடு இந்தியும் மராத்தியும் கலந்து வந்தால் வரட்டும், அந்த நேரத்தில் மொழியைத் திருத்த வேண்டாம்.

கடைசிப் படி: வகுப்புக்கு வெளியே

இரண்டு மாதம் ஆடிய பிறகு நிஜமான ஒரு பிரச்சினையை வகுப்பே ஓட்டுப் போட்டு எடுக்கட்டும். சின்னதாக இருக்க வேண்டும்: பள்ளி வாசலில் எரியாத விளக்கு, மூடி இல்லாத சாக்கடை, கழிப்பறைத் தாழ்ப்பாள். முதல் படியின் பெட்டிகளை மறுபடி எடுத்து, இது யாருடைய வேலை என்று பாருங்கள். பள்ளிக்குள் இருக்கிற பிரச்சினை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தெருப் பிரச்சினை என்றால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்கு ஒரு பெரியவர் ஸ்பீக்கரில் போன் போட, பிள்ளைகள் சுற்றி நின்று கேட்கட்டும். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு, ஆபீஸ் தாதர் மேற்கில் பிளாசா தியேட்டர் பக்கம். புகார் எண்ணைக் கரும்பலகை மூலையில் எழுதி அழிக்காமல் வைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்ன ஆனது என்று பாருங்கள். பிள்ளைகளின் படத்தையோ பெயரையோ எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள்.

பல வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், பெற்றோரில் ஒருவர் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்க முடியாது, இங்கே மராத்தி, இந்தி, ஆங்கிலம்தான். வகுப்பில் மராத்தி நன்றாக எழுதுகிற பிள்ளை கட்டாயம் ஒருத்தி இருப்பாள். கேள்விகளை எல்லோரும் சேர்ந்து தமிழில் பேசி முடிவு செய்து, வரைவை அவள் கையால் எழுதச் சொல்லுங்கள்.